எளிய ஆங்கில வேதாகமப் பணிக்கு எந்த மென்பொருள்? கோத்தகிரியிலிருந்து ஒரு மதிப்பீடு

வேதாகமப் பகுதிகளை எளிய ஆங்கிலத்தில் எழுதும் தன்னார்வலர்கள் மென்பொருள் தேடத் தொடங்கினால் முதலில் காதில் விழும் பெயர் பாராடெக்ஸ்ட். ஐக்கிய வேதாகமச் சங்கங்களும் எஸ்.ஐ.எல். என்னும் மொழியியல் நிறுவனமும் சேர்ந்து உருவாக்கிய அந்த வேதாகம மொழிபெயர்ப்புக் கருவியின் தரத்தைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் கோத்தகிரியில் எங்கள் குழுவில் இருப்பவர்கள் ஓய்வு பெற்ற ஆசிரியைகள், தேயிலைத் தொழிற்சாலைக் கணக்கர் ஒருவர், கல்லூரி மாணவர்கள் சிலர். வீட்டில் படுகு பேசி, பள்ளியில் தமிழ் படித்து, மூன்றாவதாக ஆங்கிலத்துக்கு வரும் பிள்ளைகளுக்காகவே அவர்கள் எழுதுகிறார்கள். பயன்படுத்தலாம் என்று வகுத்த சொற்பட்டியலைத் தாண்டிய உடனே, எழுதிக்கொண்டிருக்கும்போதே சுட்டிக்காட்டும் கருவிதான் அவர்களுடைய முதல் தேவை.

இவ்வகை எழுத்தில் சொற்பட்டியலே சட்டம். 1949இல் முழுமையாக வெளிவந்த பேசிக் இங்கிலீஷ் வேதாகமம் 1000 சொற்களுக்குள் நின்றது. ஈஸிஇங்கிலீஷ் என்னும் எளிய ஆங்கில முறையின் முதல் படிக்குச் சுமார் 1200 சொற்கள், இரண்டாம் படிக்குச் சுமார் 2800 சொற்கள் என்பது கணக்கு. இந்த எல்லையைக் காப்பதில் ஒரு மென்பொருள் எவ்வளவு உதவுகிறது என்பதையே நான் அளவுகோலாகக் கொண்டேன்.

அந்த அளவுகோலில் முதலில் தோற்பவை வாசிப்பு எளிமையை எண்ணாகக் காட்டும் கருவிகள். மைக்ரோசாஃப்ட் வேர்ட் தரும் ஃப்ளெஷ்-கின்கெய்டு மதிப்பெண் வாக்கியத்தின் நீளத்தையும் சொல்லின் அசைகளையும் மட்டுமே எண்ணுகிறது. மத்தேயு முதல் அதிகாரத்தின் வம்ச வரலாற்றில் யோசபாத்தும் சொரொபாபேலும் வரிசையாக வருவதால் மதிப்பெண் கடினம் என்ற பக்கம் சாய்கிறது. “ஆதியிலே வார்த்தை இருந்தது” என்று தொடங்கும் யோவான் சுவிசேஷமோ, குட்டிச் சொற்களால் ஆனது என்பதால் மிக எளிது என்று தேறிவிடுகிறது. வேதசாஸ்திரம் படித்தவர்களே தயங்கி நிற்கும் இடம் அது! நீண்ட வாக்கியங்களையும் செயப்பாட்டு வினைகளையும் வண்ணமிட்டுக் காட்டும் ஹெமிங்வே எடிட்டர் புதியவர்களுக்குப் பயிற்சியாகப் பயன்படலாம்; அதற்கு மேல் அதை நம்ப வேண்டியதில்லை. இணையத்தில் மட்டும் இயங்கும் ஓர் இலக்கணத் திருத்தக் கருவியையும் பார்த்தோம். ஒரே சொல் இரண்டு முறை வந்தால் வேறு சொல் போடச் சொல்லி அது நச்சரித்தது. எளிய ஆங்கிலத்தில் ஒரு பொருளுக்கு ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்துவதுதான் முறை என்பதால் அதை ஒதுக்கிவிட்டோம். அதோடு, ஐப்பசி, கார்த்திகை மழையில் கோத்தகிரிப் பக்கம் இணைப்பு அறுந்தால் எப்போது திரும்பும் என்று யாராலும் சொல்ல முடியாது.

எங்களுக்குக் கைகொடுத்தது வேர்டைப் போன்ற இலவச எழுத்துச் செயலியான லிப்ரேஆஃபிஸ் ரைட்டர். அதன் எழுத்துப்பிழை திருத்தி ஹன்ஸ்பெல் என்னும் கட்டற்ற நிரலால் இயங்குகிறது. அதற்குரிய அகராதிக் கோப்பு சாதாரண உரைக்கோப்புதான். முதல் வரியில் சொற்களின் எண்ணிக்கை, பிறகு வரிக்கு ஒரு சொல். ‘வாக்’ (walk) என்ற சொல்லுக்கு அடுத்துச் சாய்கோடிட்டு டி, ஜி, எஸ் என்ற எழுத்துகளைச் சேர்த்தால் அதன் இறந்தகால வடிவமும் மற்ற இரண்டு வடிவங்களும் தாமாகவே அனுமதி பெறும். அமெரிக்க ஆங்கில அகராதிக்குப் பதிலாக எங்கள் பட்டியலை வைத்துவிட்டு, பிரிட்டிஷ் ஆங்கில அகராதியைத் தொடாமல் விட்டோம். உரையின் மொழியை அமெரிக்க ஆங்கிலம் என்று வைத்தால் பட்டியலில் இல்லாத ஒவ்வொரு சொல்லின் அடியிலும் சிவப்பு நெளிகோடு விழும். பிரிட்டிஷ் ஆங்கிலத்துக்கு மாற்றினால் உண்மையான எழுத்துப்பிழைகள் மட்டும் தெரியும். ‘கவனன்ட்’ (covenant, உடன்படிக்கை) என்று தட்டியதும் கோடு விழுவதைப் பார்த்து எழுதுபவரே வேறு வழி தேடுகிறார். திருத்துபவருக்கு வேலை பாதியாகக் குறைகிறது. ஆள், ஊர்ப் பெயர்களுக்குத் தனிப் பயனர் அகராதி ஒன்று போதும்.

குறைகளும் உண்டு. மென்பொருளைப் புதுப்பித்தால் நாம் மாற்றிய கோப்பு அழிந்து பழைய அகராதியே திரும்பி வரக்கூடும். பொருள் வேறுபாடும் அதற்குத் தெரியாது: ‘பேர்’ என்ற சொல்லைக் கரடி என்ற பொருளில் மட்டும் அனுமதித்திருந்தாலும், சுமப்பது என்ற பொருளில் எழுதினால் அது பேசாமல் விட்டுவிடும். அதைக் கண்டுபிடிக்க மனிதக் கண்தான் வேண்டும்.

ஒரு புத்தகம் முழுவதும் முடிந்த பிறகு ஆன்ட்வேர்ட்புரொஃபைலரில் ஒருமுறை ஓட்டிப் பார்ப்பது நல்லது. லாரன்ஸ் அந்தோணி இலவசமாக வழங்கும் இக்கருவியில் நம்முடைய பட்டியல்களையே படிநிலைகளாகக் கொடுக்கலாம். எந்தச் சொல் எந்தப் படியைச் சேர்ந்தது, எது எதிலுமே சேராதது என்பதை நிறம் பிரித்துக் காட்டும். வெற்று உரைக்கோப்பைக் கொடுத்தால் போதும், இணையம் வேண்டாம்.

பாராடெக்ஸ்ட் அச்சுக்குப் போகும் முன்தான் எங்களுக்குத் தேவைப்பட்டது. அதிகாரம், வசனம் விடுபட்டிருக்கிறதா, மேற்கோள் குறி மூடப்பட்டிருக்கிறதா, ஒரே கலைச்சொல் எல்லா இடத்திலும் ஒரே விதமாக வந்திருக்கிறதா என்று பார்ப்பதில் அதற்கு நிகரில்லை. பென்டிரைவ் வழியாகவும் கோப்புகளைப் பரிமாறிக்கொள்ள முடிவது மலைப்பகுதிக்குப் பெரிய வசதி. ஆனால் பதிவு செய்து அனுமதி பெற வேண்டும். அதன் குறியீட்டு முறையைப் பழக ஆசிரியைகளுக்கு நாளாகும். குழுவில் ஒருவர் மட்டும் அதைக் கற்றுக்கொண்டால் போதும் என்பது என் கருத்து.

சொற்பட்டியல் கோப்பும் அவரிடமே இருக்கட்டும். ஒவ்வொருவரும் தமக்குத் தோன்றிய சொல்லைத் தம் கணினியில் சேர்த்துக்கொண்டால், குன்னூரில் கோடு விழும் சொல் கோத்தகிரியில் விழாது. கோப்பின் பெயரிலேயே தேதியைப் போட்டு, புதிய சொல் சேரும் மாதத்தில் மட்டும் எல்லோருக்கும் அனுப்புகிறோம்.