14,500 ரூபாய்க்கு வந்த ஆம்ஸ்ட்ராங் இசைத்தட்டு: பழைய ஜாஸ் சேகரிப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

சென்ற வாரம் 14,500 ரூபாயை இழந்தேன். ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. எனினும் டிக்ஸிலேண்ட், ஸ்விங் போன்ற பழைய ஜாஸ் இசைத்தட்டுகளைத் தேடி வாங்குவோர் இதே வலையில் விழக் கூடாது என்பதால், நடந்ததையும் வாங்குமுன் பார்க்க வேண்டியவற்றையும் எழுதுகிறேன்.

பழைய பொருட்களைத் தனிநபர்கள் விற்கும் ஒரு செயலியில், அமெரிக்க ஜாஸ் டிரம்பெட் கலைஞர் லூயி ஆம்ஸ்ட்ராங் தம் ஹாட் ஃபைவ் குழுவுடன் 1928 ஜூன் 28 அன்று சிகாகோவில் பதிவுசெய்த 'வெஸ்ட் எண்ட் புளூஸ்' விற்பனைக்கு வந்திருந்தது. ஓகே நிறுவனம் (ஆம், அதன் பெயரே அதுதான்) 8597 என்ற எண்ணில் வெளியிட்ட, நிமிடத்துக்கு 78 முறை சுழலும் அசல் அரக்குத் தட்டு என்று குறிப்பிட்டிருந்தார்கள். புகைப்படத்தில் இருந்த லேபிளும் அதுவேதான். கல்கத்தாவில் ஒரு பழைய வீட்டைக் காலி செய்தபோது கிடைத்தது என்றார் விற்றவர். 1940களில் அமெரிக்க ஜாஸ் கலைஞர் டெடி வெதர்ஃபோர்ட் கிராண்ட் ஹோட்டலில் பியானோ வாசித்த ஊராயிற்றே, இருக்கலாம் என்று நினைத்தேன். ஆனால் நான் உண்மையில் ஏமாந்த இடம் வேறு. "சார், 78 தட்டுக்கான தடித்த ஊசி உங்களிடம் இருக்கிறதா? பிற்கால எல்பி தட்டுக்கான மெல்லிய ஊசியைப் போட்டுவிடாதீர்கள்" என்று அவர் அக்கறையோடு கேட்டார். ஊசியைப் பற்றி இவ்வளவு கவலைப்படுகிறவர் பொய் சொல்வாரா என்று அந்தக் கணமே நம்பி, செயலியின் கமிஷனை மிச்சப்படுத்தலாம் என்று அவர் சொன்னதற்கும் இணங்கி, 14,500 ரூபாயை நேரே அவருடைய கணக்குக்கு அனுப்பினேன்.

வந்ததோ 1940களில் கொலம்பியா வெளியிட்ட சிவப்பு லேபிள் மறுபதிப்பு. அதையும் வெறும் செய்தித்தாளில் சுற்றி அனுப்பியதில், விளிம்பிலிருந்து உள்நோக்கி மயிரிழைபோல ஒரு விரிசல் ஓடியிருந்தது. ஆம்ஸ்ட்ராங் தன்னந்தனியாக ஊதித் தொடங்கும் அந்த முதல் நொடிகளிலேயே ஊசி இடறுகிறது. நிமிடத்துக்கு 78 சுற்று, 78 இடறல்.

கேட்டதற்கு, "பாட்டு அதேதானே சார், வாசித்தவரும் அவரேதானே" என்றார். விரிசலுக்குக் கூரியர்காரர்தான் பொறுப்பாம். மூன்றாம் நாளிலிருந்து அவருடைய கைபேசி அணைக்கப்பட்டிருக்கிறது. பணம் தங்கள் வழியாக வரவில்லை என்று செயலியின் உதவிப் பிரிவு இரண்டே வரியில் கைகழுவியது. நீங்களே மனமுவந்து அனுப்பிய 14,500 ரூபாய்க்கு நாங்கள் என்ன செய்ய முடியும் என்று கேட்டது வங்கி. சைபர் குற்றங்களுக்கான 1930 எண்ணில் புகார் பதிவுசெய்திருக்கிறேன். இதுவரை பதில் இல்லை.

அசல் எது, மறுபதிப்பு எது என்று விரிவாக எழுதவே எண்ணியிருந்தேன். இப்போது அதற்கு மனம் ஓடவில்லை. அன்றைய தேதியைக் கையால் எழுதிய சீட்டைத் தட்டின்மேல் வைத்துப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். இரண்டு பக்க லேபிளையும் கேளுங்கள். 8597இன் மறுபக்கத்தில் 'ஃபயர்வொர்க்ஸ்' இருக்க வேண்டும். செயலிக்கு வெளியே ஒரு ரூபாயும் அனுப்பாதீர்கள்.

இன்று காலை அதே புகைப்படம், லேபிளின் ஓரத்தில் உள்ள அதே மைக்கறையோடு, வேறொரு பெயரில் விற்பனைக்கு வந்திருக்கிறது. விலை 12,000 ரூபாய்.