நர்ஸம்மாவா, மருந்துக்கடையா, தனியார் கிளினிக்கா?

கருத்தடையோ, வெள்ளைப்படுதலோ, நாள் தள்ளிப்போன கலக்கமோ, எதுவானாலும் நம் ஊர்ப் பெண்ணுக்கு முதலில் வரும் யோசனை, போகிற இடத்தில் யார் கண்ணில் படுவோம் என்பதுதான். அதையும் கணக்கில் வைத்தே தமிழ்நாட்டில் இருக்கும் வழிகளை அலசுகிறேன்.

திருமணமான பெண்ணின் கருத்தடைக்கு என் ஓட்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கே. மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் அந்தரா ஊசி, சாயா என்ற கருத்தடை மாத்திரை, கருப்பைக்குள் வைக்கும் காப்பர்-டி, ஆணுறை எல்லாமே இலவசம். காப்பர்-டி 380ஏ பத்து ஆண்டுகள் வரை வேலை செய்யும். தனியாரிடம் காசு கொடுத்துப் போட்டுக்கொண்டாலும் அதன் பலன் கூடிவிடாது. ஆனால் பிரசவம் முடிந்த கையோடு, தங்களைக் கேட்காமலே காப்பர்-டி வைத்துவிட்டதாகச் சில பெண்கள் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். வேண்டாம் என்றால் வேண்டாம்தான். அதை முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

திருமணமாகாதவளுக்கு நிலைமை வேறு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேலையே, திருமணமானவர்களைக் குறித்து வைக்கும் 'தகுதியுள்ள தம்பதியர்' பதிவேட்டை வைத்துத்தான் நடக்கிறது. நர்ஸம்மாவுக்கோ அவள் அம்மாவை நன்றாகத் தெரியும். அதனால் அவள் மருந்துக்கடைக்குப் போகிறாள். ஆணுறைக்கு அது போதும். அவசரக் கருத்தடை மாத்திரைதான் சிக்கல். 72 மணி நேரத்துக்குள், முடிந்தவரை சீக்கிரம் போட வேண்டிய மாத்திரை அது. சட்டத்தில் தடை இல்லாதபோதும் நம் மாநிலத்தில் பல கடைகள் அதை வாங்கி வைப்பதே இல்லை. கடை கடையாக அலைந்து நேரத்தை இழக்காமல் ஒரு மருத்துவரிடம் போய்விடுவது மேல்.

கருக்கலைப்பு மாத்திரையை மட்டும் கடையில் தானாக வாங்கிப் போடவே கூடாது. கரு கருக்குழாயில் தங்கியிருந்தால் அந்த மாத்திரை அதைக் கலைக்காது. குழாய் வெடித்தால் உயிருக்கே ஆபத்து.

கருக்கலைப்புக்குத் தனியாரிடம் காத்திருப்பு குறைவு, பெரும்பாலும் ஸ்கேனும் அன்றே முடிந்துவிடும். அந்த மருத்துவமனைக்கு அரசு அங்கீகாரம் இருக்கிறதா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். அரசு மருத்துவமனையில் செலவு இல்லை, அலைச்சல் உண்டு. "வீட்டுக்காரர் கையெழுத்து வேண்டும்" என்ற பேச்சு இரண்டு பக்கமும் வரும். 18 வயது நிரம்பிய பெண்ணுக்கு அவள் சம்மதம் ஒன்றே போதும் என்பது சட்டம். 20 வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்து போதும். குறிப்பிட்ட சூழல்களில் 24 வாரம் வரை இருவர் கருத்து வேண்டும். திருமணமாகாத பெண்ணை அதிலிருந்து ஒதுக்கக் கூடாது என்று 2022-இல் உச்ச நீதிமன்றமே தீர்ப்பளித்திருக்கிறது. இதைத் தெரிந்துகொண்டு போகிற பெண்ணை மிரட்டி அனுப்புவது அத்தனை எளிதல்ல.

பால்வினை நோய் சந்தேகம் என்றால் அரசு மருத்துவமனையேதான். எச்.ஐ.வி. பரிசோதனைக்கு நம்பிக்கை மையம், மற்றவற்றுக்குச் சுகவாழ்வு மையம். இரண்டின் பெயரிலும் நோயின் பெயர் இல்லை. முடிவை ரகசியமாக வைப்பதும் அவர்கள் கடமை. தனியார் ஆய்வகத்துக்குப் போனால் சோதனைத் தாளோடு திரும்பி வருவீர்கள். உட்கார்ந்து பேச ஆலோசகர் இருப்பது அரிது.

சொந்த ஊர் மையத்துக்குப் போகக் கூச்சமாக இருந்தால் பக்கத்து மாவட்டத் தலைமை மருத்துவமனைக்குப் பஸ் ஏறுங்கள். ஓ.பி. சீட்டு வாங்கும்போது, "மகப்பேறு டாக்டரைப் பார்க்கணும்" என்று சொன்னாலே போதும். மற்றதை உள்ளே போய் டாக்டரிடம் சொல்லிக்கொள்ளலாம்.