பிள்ளை வேண்டும் என்று போனவனுக்குப் போட்ட ஊசி

கல்யாணமாகி நான்கு வருஷம். முதல் இரண்டு வருஷம் டெஸ்ட், ஸ்கேன், மாத்திரை எல்லாம் என் மனைவிக்குத்தான். அவளிடம் குறை ஒன்றும் இல்லை என்று தெரிந்த பிறகுதான் எனக்கு விந்துப் பரிசோதனை எழுதினார்கள். மில்லிக்கு 90 லட்சம் விந்தணுக்கள். உலக சுகாதார நிறுவனத்தின் 2021 கையேட்டில் கீழ் அளவு 1 கோடியே 60 லட்சம். குறைவுதான், ஆனால் பூஜ்யம் இல்லை.

அந்த ரிப்போர்ட்டோடு ஒரு தனியார் கிளினிக்குக்குப் போனோம். பெயர் வேண்டாம். அங்கிருந்தவர் என்னைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. இரண்டு முதல் ஏழு நாள் விந்து வெளியேறாமல் இருந்துவிட்டு இன்னொரு முறை பரிசோதிக்க வேண்டும், சமீபத்தில் காய்ச்சல் வந்திருந்தாலும் எண்ணிக்கை குறையும் என்றெல்லாம் யாரும் சொல்லவில்லை. “ஆண் ஹார்மோன் குறைவு தம்பி, எட்டு ஊசி போட்டா சரியாயிடும்” என்றார். முன்பணம் 42,000 ரூபாய். கையில் கொடுத்தது பெயர் அச்சிடாத வெள்ளைத் துண்டுச் சீட்டு.

மூன்று வாரத்துக்கு ஒன்று, இடுப்பில். எண்ணெய் மாதிரி கெட்டியான மருந்து, மெதுவாகத்தான் இறங்கும். உடம்பில் தெம்பு கூடியதால் வைத்தியம் பலிக்கிறது என்றே நம்பினேன். ஆறாவது முறை மேஜையில் கிடந்த மருந்து அட்டையை மனைவி போனில் படம் பிடித்து, மெடிக்கல் ஷாப் வைத்திருக்கும் தன் அண்ணனுக்கு அனுப்பினாள். உடனே அவர் என்னைக் கூப்பிட்டார். “மாப்பிள்ளை, இது டெஸ்டோஸ்டிரோன், ஆண் ஹார்மோன். பிள்ளைக்குப் போடற ஊசியே இல்லை. முதல்ல நிறுத்துங்க.”

வேறு லேபில் பரிசோதித்தோம். அணு ஒன்றுகூட இல்லை.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் சிறுநீரியல் (யூராலஜி) மருத்துவர்தான் புரியவைத்தார். மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி இரண்டு ஹார்மோன்களை அனுப்பித்தான் விரையை வேலை வாங்குகிறது. வெளியிலிருந்து டெஸ்டோஸ்டிரோன் ஏற்றினால், ரத்தத்தில் அது போதுமான அளவு இருப்பதாக எடுத்துக்கொண்டு சுரப்பி அனுப்புவதை நிறுத்திவிடும். அணு உற்பத்தி படுத்துவிடும். இந்த ஹார்மோன் ஊசியை ஆண்களுக்கான கருத்தடையாகவே உலக சுகாதார நிறுவனம் சோதித்துப் பார்த்திருக்கிறதாம். அதைக் கேட்டு என் மனைவி அழுதது இன்னும் கண்ணில் நிற்கிறது.

பிள்ளைக்காகக் காத்திருக்கும் எந்த ஆணும் ஊசியோ ஜெல்லோ, டெஸ்டோஸ்டிரோனை ஏற்றிக்கொள்ளாதீர்கள். ஜிம்மில் கொடுக்கும் ஸ்டீராய்டு ஊசியும் இதே வேலையைத்தான் செய்யும். மருந்தின் பெயரைக் கேளுங்கள், அட்டையைப் பாருங்கள், பில் இல்லாமல் பணம் கட்டாதீர்கள்.

அந்த அரசு மருத்துவர் என்னை நிற்க வைத்து, மூச்சைப் பிடித்து முக்கச் சொல்லிக் கையால் பார்த்தார். இரண்டு நிமிஷம்தான். இடது பக்கம் வெரிகோசில், அதாவது விரைக்கு மேலே ரத்தக் குழாய் புடைத்துச் சுருண்டிருந்தது. குழந்தை இல்லை என்று வரும் ஆண்களிடம் அடிக்கடி காண்பதும், ஆபரேஷனில் சரிசெய்யக்கூடியதும் இதுதானாம். ஆனால் முதலில் ஊசியின் பாதிப்பு தீர வேண்டும். ஒரு அணு உருவாகவே இரண்டரை மாதம் ஆகும். பழைய நிலைக்கு வர ஒரு வருஷம்கூட ஆகலாம். வராவிட்டால் வேறு ஹார்மோன் ஊசி, அதுவும் கேட்காவிட்டால் விரையிலிருந்தே அணுவை எடுத்து, ஒரு அணுவை நேராகக் கருமுட்டைக்குள் செலுத்தும் இக்ஸி முறையில் கருத்தரிக்க வைப்பது என்று வழிகள் இருக்கின்றன.

கிளினிக்கில் பணத்தைக் கேட்டேன். பேக்கேஜ், திரும்பாது என்றார்கள். மாவட்ட நலப்பணிகள் இணை இயக்குநர் அலுவலகத்தில் புகார் கொடுத்திருக்கிறேன். அந்தத் துண்டுச் சீட்டையும், மனைவி எடுத்த படத்தையும் விட்டால் இணைக்க வேறு எதுவும் இல்லை.

ஊசியை நிறுத்தி எட்டு மாதம் ஆகிறது. போன வாரம் எண்ணிக்கை 35 லட்சம். அடுத்த மாதம் வெரிகோசில் ஆபரேஷன்.