லயத்து மண்ணை அள்ள மணித்தியாலக் கணக்கு பெக்கோ: எடுக்கலாமா?

டித்வா மாதிரி ஒரு புயல் அடித்துப் போனதும் லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளில், ஏறிய மண்ணை அள்ள மலையகத்தில் கைக்கு எட்டுவது, மணித்தியாலக் கணக்கில் வரும் பெக்கோவும் (மண்ணை வெட்டி அள்ளும் இயந்திரம்) கூடவே இரண்டு டிப்பரும்தான். பெக்கோவைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. வாடகை பேசும் விதத்தில்தான் காசு கரைகிறது.

10க்கு 12 அடி காம்பராவில் (லயத்து அறையில்) 3 அடிக்கு மண் நின்றால் 360 கனஅடி, அதாவது 3.6 கியூப் (ஒரு கியூப் 100 கனஅடி). வெட்டி அள்ளினதும் பொங்கி நாலரை கியூப் ஆகிவிடும். ஈர மண் ஒரு கியூப் சுமார் 5 டன். தோட்டப் பாதையின் பழைய மதகை நம்பி 3 கியூப் டிப்பரை நிறைக்க முடியாது, பாதிச் சுமைதான். ஆக, ஒரு காம்பராவுக்கு மூன்று நடை.

டிப்பரை நிரப்ப 10 நிமிடம், கொட்டிவிட்டு வர 40 நிமிடம் என்று வையுங்கள். இரண்டு டிப்பர் என்றால் 50 நிமிடத்தில் பெக்கோ வேலை செய்வது 20 நிமிடம். சும்மா நிற்கும் மிச்ச நேரத்துக்கும் நீங்கள்தான் காசு கட்ட வேண்டும். ஐந்து டிப்பர் கேளுங்கள். இல்லையென்றால் கியூப் கணக்கில் பேசி, டிப்பர் பெட்டியை நாடா வைத்து அளந்து, ஒவ்வொரு நடைக்கும் துண்டுச் சீட்டு எழுதுங்கள். அரைப் பெட்டியை முழுசாக எழுதுவது இந்தத் தொழிலில் புதிதல்ல.

கொட்டும் இடத்துக்குப் பிரதேச செயலகத்திலும் தோட்ட நிர்வாகத்திலும் முன்கூட்டியே எழுத்தில் அனுமதி வாங்குங்கள். இல்லாவிட்டால் முதல் வளைவிலேயே பள்ளத்தில் தட்டிவிடுவார்கள். அடுத்த மழைக்குக் கான் (வடிகால்) அடைபட்டு, அதே மண் கீழ் லயத்துக்குள் வரும்.

பெரிய குறை, எல்லாவற்றையும் ஒரே வாளியில் வாருவது. அஸ்பெஸ்டஸ் சீட் நொறுங்கினால் அந்தத் தூசி நுரையீரலுக்கு எமன். பெக்கோ வருமுன் தண்ணீர் தெளித்து, உடைக்காமல் எடுத்து, தடித்த பொலித்தீனில் இரண்டு சுற்றுச் சுற்றித் தனியே வையுங்கள். துணி மாஸ்க் இதற்குப் போதாது. கேஸ் சிலிண்டரும் பூச்சிமருந்துப் போத்தலும் அப்படியே தனிதான்.

சரிவின் அடியைச் சுத்தமாக வழித்தெடுக்கப் பார்க்கும் ஒப்பரேட்டரை உடனே நிறுத்துங்கள். மேலே நிற்கும் மண்ணுக்கு அதுதான் முட்டு. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தார் பார்த்துச் சொல்லாமல் அங்கே வாளி படக்கூடாது. வேலை நடக்கும்வரை மேலே வெடிப்பைப் பார்த்துக்கொண்டு விசிலோடு ஒருவர் நிற்கட்டும்.

பாதையும் முற்றமும் திறக்க இந்தச் சேவை தாராளமாகப் போதும். காம்பராவுக்குள் மட்டும் மண்வெட்டியும் கைவண்டியும்தான். லயத்துச் சுவர் அடுத்த வீட்டுக்கும் பொது. வாளி ஒருமுறை இடித்தால் அந்தப் பக்கமும் வெடிக்கும்.