நகம் கடிப்பதை விட்டு இரண்டு வருடம்: எனக்கு உதவிய முறை

முதல் மாதத்திலேயே இதை எழுதியிருந்தால் வெறும் உற்சாகம்தான் இருந்திருக்கும். அதனால் இரண்டு வருடம் காத்திருந்தேன்.

முதலில் முயன்றது விரல் நுனியில் தடவும் கசப்பு மருந்து. பத்தே நாளில் அந்தக் கசப்பு நாக்குக்குப் பழகிவிட்டது. அப்புறம் சபதங்கள். ஒன்றும் நிற்கவில்லை. கை வாய்க்குப் போவதே எனக்குத் தெரியாது. நகக்கண் எரியும்போதுதான் தெரியும். தெரியாமல் செய்வதை மன உறுதியால் எப்படித் தடுப்பது?

கைகொடுத்தது, நேதன் அஸ்ரின், கிரெகரி நன் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1973-ல் வெளியிட்ட முறை. அதில் முதல் வேலை நிறுத்துவது அல்ல, கவனிப்பது. ஒரு குட்டி நோட்டில், கை வாய்க்குப் போகும்போதெல்லாம் கோடு போட்டேன். முதல் நாள் 34 கோடுகள். பதற்றத்தில்தான் கடிக்கிறேன் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். நோட்டு வேறு கதை சொன்னது. மேஜையில் முழங்கையை ஊன்றி எதையாவது படிக்கும்போது, கட்டைவிரல் மற்ற நகங்களின் ஓரத்தை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்க்கும். எங்காவது பிசிறு தட்டுப்பட்டால் போச்சு, அதைச் சரிசெய்யப் பல் வந்துவிடும்.

அடுத்தது மாற்றுச் செயல். கை தாடைக்கு ஏறும்போதே விரல்களை மடக்கி, ஒரு நிமிடம் இறுக்கிப் பிடிக்க வேண்டும். இறுக்கிய கையால் கடிக்க முடியாது, அவ்வளவுதான் சங்கதி. கூடவே, அரம் வைத்த நகவெட்டி ஒன்றைச் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டேன். என்னைக் கேட்டால் பாதிப் பலன் அந்த அரத்தால்தான்.

21 நாளில் பழக்கம் மாறும் என்பதை நம்பி ஏமாந்தேன். 22-ஆம் நாள் ஐந்து நகம் காலி. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலி குழுவினர் 96 பேரை வைத்துச் செய்து 2009-ல் வெளியிட்ட ஆய்வைப் பிறகுதான் படித்தேன். புதுப் பழக்கம் படிவதற்கு ஆளுக்கு ஆள் 18 முதல் 254 நாள் வரை என்று கணக்கிட்டிருந்தார்கள், நடுமதிப்பு 66. விடுவதைப் பற்றிய ஆய்வு இல்லைதான். ஆனால் ஒரு நாள் தவறினால் பெரிதாகக் கெட்டுப்போவதில்லை என்ற வரி எனக்குப் பெரிய ஆறுதல். கை தானாக மடங்க எனக்கு ஐந்து மாதம் ஆனது.

குறை என்றால், நோட்டு எழுதுவது சலிப்பு; மூன்றாம் மாதத்தோடு விட்டுவிட்டேன். எட்டாம் மாதம் அப்பா மருத்துவமனையில் இருந்த மூன்று இரவுகளில் பத்து நகமும் போயின. வீடு திரும்பியதும் அதே நோட்டை எடுத்து மறுபடி கோடு போட்டேன். இரண்டு வாரத்தில் கை பழைய நிலைக்கு வந்தது. நகக்கண்ணில் சீழ் வைக்கும் அளவுக்குக் கடிப்பவர்கள் மட்டும் முதலில் மருத்துவரைப் பாருங்கள்.

கட்டைவிரல் இன்றும் நக ஓரங்களைத் தடவிக்கொண்டுதான் இருக்கிறது. பிசிறு தட்டினால் கை சட்டைப்பைக்குப் போகிறது.