பெல்ட் மாற்றிவிட்டோம் என்று சொன்னால் டைமிங் கவர் போல்ட்டைப் பாருங்கள்

பெங்களூரில் பழைய மாருதி ஜிப்சி, மஹிந்திரா மேஜர் மாதிரி ஜீப் வைத்துக்கொண்டு லீவு கிடைத்தால் காட்டுப் பாதையில் இறக்குகிற நம் ஆட்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். பெல்ட் வேலைக்கு வண்டியை விட்டால், தொடவே தொடாத பெல்ட்டுக்கும் சேர்த்துக் காசு வாங்குகிறார்கள். என்னிடம் வாங்கினார்கள்.

என்னுடையது 2001 மாடல் ஜிப்சி கிங், 1.3 லிட்டர் பெட்ரோல். காலையில் ஸ்டார்ட் செய்தால் தெருவே எழுந்துகொள்ளும் அளவுக்குக் கீச்சென்று கத்தியது, ஹெட்லைட் போட்டால் இன்னும் கூடியது. ஃபேன் பெல்ட் வழுக்குகிறது, வேறென்ன. டைமிங் பெல்ட்டும் (இன்ஜின் முன்பக்கம் கவருக்குள் இருந்துகொண்டு வால்வுகளை நேரத்துக்குத் திறந்து மூட வைக்கிற பல் பெல்ட்) மாற்றி ரொம்ப நாளாகிவிட்டதால் இரண்டையும் ஒன்றாக முடித்துவிடலாம் என்று அல்சூர் பக்கம் ஒரு ஒர்க்‌ஷாப்பில் விட்டேன். அவர் கிருஷ்ணகிரிக்காரர். "நம்மூர்க்காரங்களையே ஏமாத்துவேனா சார்" என்று, நான் எதுவும் கேட்காமலே சொன்னார். இரண்டு பெல்ட், டைமிங் பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கிற டென்ஷனர், கூலி எல்லாம் சேர்த்து ஒன்பதாயிரத்துச் சொச்சம். பில் கேட்டால் துண்டுச் சீட்டில் "பெல்ட் வேலை" என்று கிறுக்கிக் கொடுத்தார். "ரெண்டையும் லிவர் போட்டு நல்லா இழுத்துக் கட்டியிருக்கேன், இனிமே கத்தாது."

கத்தவில்லைதான். சில வாரம் கழித்து ஓசூர் போகும்போது அத்திப்பள்ளி தாண்டியதும் முன்பக்கம் கரகரவென்று ஒரு சத்தம், ஹீட் முள் மேலே ஏறுகிறது. ஓரம் கட்டிப் பார்த்தால் வாட்டர் பம்ப்பின் அடியில் இருக்கிற சின்னத் துளையிலிருந்து கூலண்ட் சொட்டிக்கொண்டிருந்தது. அந்தத் துளையில் ஒழுகினால் உள்ளே சீல் போய்விட்டது என்று அர்த்தம்.

கட்டி இழுத்துக்கொண்டு போய் ஓசூரில் வேறொரு மெக்கானிக்கிடம் காட்டினேன். அவர் ஃபேன் பெல்ட்டைக் கட்டை விரலால் அழுத்திப் பார்த்துவிட்டுச் சிரித்தார். வீணைத் தந்தி மாதிரி முறுக்கி வைத்திருக்கிறார்கள். புல்லிகளுக்கு நடுவே சுமார் பத்து கிலோ பலத்தில் அழுத்தினால் 6 முதல் 9 மி.மீ. வரை உள்ளே போக வேண்டும், இது அசையவே இல்லை. ஜிப்சியில் டைனமோவையும் வாட்டர் பம்ப்பையும் சுற்றுவது ஒரே பெல்ட்தான், ஆகவே இறுக்கம் கூடினால் இரண்டின் பேரிங்கும் அடி வாங்கும். ஏன் இப்படி இறுக்கினார் என்பது பெல்ட்டைக் கழற்றியதும் புரிந்தது. பெயரும் இல்லை, அளவு நம்பரும் இல்லை, அகலமும் குறைவு. இந்த வகை பெல்ட் பக்கவாட்டில்தான் புல்லியைப் பிடிக்கும், பள்ளத்தின் அடியில் போய் உட்கார்ந்தால் பிடிமானமே கிடையாது. சரியான பெல்ட் வாங்காமல், சத்தம் வரக்கூடாது என்று டைனமோவை நெம்பி நெம்பி இறுக்கியிருக்கிறார். டைனமோவின் அலுமினிய உடம்பில் லிவர் குத்திய தடம் பளபளவென்று தெரிந்தது.

அப்புறம்தான் பெரிய கூத்து. டைமிங் கவர் போல்ட்களைக் காட்டினார் ஓசூர்க்காரர். தலை முழுக்கப் பழைய செம்மண் காய்ந்து அப்பிக் கிடக்கிறது, ஸ்பேனர் பட்ட கீறல் ஒன்றுகூட இல்லை. அந்தக் கவரைக் கழற்றாமல் டைமிங் பெல்ட்டை மாற்ற வழியே இல்லை. திறந்தால் அதே பழைய பெல்ட், பல் அடியில் எல்லாம் வெடிப்பு. லிவர் போட்டு இழுத்தாராம்! டைமிங் பெல்ட்டுக்கு லிவரே வேண்டாம், டென்ஷனரில் ஸ்பிரிங் இருக்கிறது, அந்த ஸ்பிரிங்கைத் தானாக இழுக்க விட்டு, கிராங்கை (இன்ஜினின் அடி ஷாஃப்ட்டை) இரண்டு சுற்றுச் சுற்றிய பிறகு டென்ஷனர் போல்ட்டை முடுக்குவார்கள், அவ்வளவுதான்.

போட்டோ எல்லாம் எடுத்துக்கொண்டு அல்சூருக்குப் போனேன். "உங்க வண்டில கழட்டினதுதான் சார்" என்று ஒரு பழைய பல் பெல்ட்டை நீட்டினார். அதில் வேறு கார் கம்பெனியின் பெயர் அச்சடித்திருந்தது. அதைக் காட்டியதும் குரல் இறங்கியது, டைமிங் பெல்ட், டென்ஷனர் காசை மட்டும் யுபிஐயில் திருப்பிப் போட்டார். வாட்டர் பம்ப் செலவுக்குக் கையை விரித்துவிட்டார், "பழைய வண்டி சார், பம்ப் அதுவா போயிருக்கும்" என்று. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் கொடுத்திருக்கிறேன். ஜி.எஸ்.டி. பில் இல்லாததுதான் இழுக்கிறது, யுபிஐ கணக்கும் போட்டோக்களும்தான் கையில் இருக்கிற ஆதாரம்.

உங்கள் வண்டியை விடுவதாக இருந்தால் ஜே.சி. ரோட்டில் பெல்ட்டை நீங்களே வாங்குங்கள், பழைய பெல்ட்டில் இருக்கிற நம்பரைப் பார்த்து. டைமிங் கவர் போல்ட் ஒவ்வொன்றிலும் விடுவதற்கு முன்பே பெயின்ட்டால் ஒரு கோடு போட்டு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், திரும்பி வரும்போது கோடு அப்படியே இருந்தால் காசு கொடுக்காதீர்கள். ஃபேன் பெல்ட் புதிது என்றால் கொஞ்சம் ஓடியதும் தளரும், சில நூறு கி.மீ. கழித்து இறுக்கத்தை மறுபடி பார்க்க வேண்டும். ஓட்டும்போது பேட்டரி லைட் எரிந்தால் சார்ஜ்தானே என்று ஓட்டிக்கொண்டே போகாதீர்கள், பெல்ட் அறுந்திருந்தால் பம்ப்பும் நின்றிருக்கும், உடனே இன்ஜினை நிறுத்துங்கள்.