கியர் சைக்கிளுக்குச் செயின் மாற்றுகிறீர்களா? காசு கொடுக்க முன்னம் கண்ணியை எண்ணுங்கள்

திருகோணமலையில் பிள்ளைகளுக்குக் கியர் சைக்கிள் வாங்கிக் கொடுத்தவர்கள் இதைக் கட்டாயம் வாசியுங்கள். நகரில் ஒரு கடையில் என் தங்கச்சியின் மகனுக்குப் புதுச் செயின் என்று சொல்லிப் பூட்டிக் கொடுத்தது, துண்டு போட்டு இணைத்த, நீளம் போதாத செயின்.

கடற்காற்றுக்கு இங்கே செயின் கெதியாகத் துருப்பிடிக்கும். உப்புவெளியில் முற்றத்தில் நிற்கும் சைக்கிள் என்றால் சொல்லவே வேண்டாம். அதனால்தான் மாற்றக் கொடுத்தான். எடுத்து வந்த அன்றே, பின்னால் பெரிய பல்சில்லுக்கு ஏறும்போது இழுத்துப் பிடிக்கிறது என்று கடைக்குத் திரும்பிப் போனான். "புதுச் செயின் தம்பி, ஓட ஓடச் சரியாகிவிடும்" என்று அனுப்பிவிட்டார்கள். இது பச்சைப் பொய். ஓட ஓடச் செயின் தேய்ந்து நீளும், உண்மைதான். ஆனால் ஒரு அடிக்கு அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு நீண்டாலே அதைக் கழற்றிவிட வேண்டும். குறைத்து வெட்டிய நீளம் எந்தக் காலத்திலும் ஓடி வராது.

வெள்ளிக்கிழமை கோணேசர் கோயிலுக்குப் போகும்போது, கோட்டைக்குள் ஏற்றத்தில் கியரை மாற்றியிருக்கிறான். முன்னாலும் பெரிய பல், பின்னாலும் பெரிய பல். செயின் விறைத்து, பின்னால் செயினைப் பல்லுக்குப் பல் நகர்த்தும் கியர் மாற்றியைத் தாங்கும் கொக்கி வளைந்து, கியர் மாற்றி அப்படியே பின்சில்லுக் கம்பிகளுக்குள் போய்ச் சிக்கியது. முழங்கால் உரசலோடு தப்பினான். மான்கள் குறுக்கே வரும் இடம் என்பதால் வாகனங்கள் மெல்லத்தான் வரும். நிலாவெளி வீதியில் இது நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே நெஞ்சு பதறுகிறது.

செயினைக் கழற்றி எண்ணினேன். 102 கண்ணி. இரண்டு இடத்தில் ஆணியின் தலை மட்டும் வேறு மினுக்கம். அந்த ஆணிகளுக்கு நடுவில் உள்ள கண்ணிகளில் எழுத்தே இல்லை, மற்றவற்றில் கம்பனிப் பெயர் வெட்டியிருக்கிறது. அவனுடைய சைக்கிளில் முன்னால் பெரிய சில்லு 42 பல், பின்னால் 28 பல், பெடல் அச்சிலிருந்து பின் அச்சுக்கு 17 அங்குலம். கணக்கு இதுதான்: அந்த 17இன் இரு மடங்கு, 42இல் கால் பங்கு, 28இல் கால் பங்கு, அதோடு ஒரு அங்குலம். மொத்தம் 52.5. மேலே முழுமையாக்கினால் 53 அங்குலம். கண்ணி ஒன்று அரை அங்குலம், ஆகவே 106 வேண்டும். நாலு கண்ணியை விழுங்கிவிட்டார்கள்.

கேட்கப் போனால், "தொய்யாமல் இருக்கத்தான் இறுக்கி வெட்டினது, தம்பிக்குத்தான் கியர் மாற்றத் தெரியவில்லை" என்கிறார் கடைக்காரர். கியர் இல்லாத லுமாலா சைக்கிளில் பின்சில்லை இழுத்துச் செயினை இறுக்கலாம். கியர் சைக்கிளில் தொய்வை இழுத்துப் பிடிப்பது கியர் மாற்றியின் ஸ்பிரிங். பெரிய பல்லோடு பெரிய பல்லைப் போட்டு நெடுக ஓடக் கூடாது என்பது சரி, ஆனால் யாருக்கும் கை தவறி அதில் விழும். அதற்கும் எட்டும்படிதான் செயினை வெட்ட வேண்டும். கூடிப்போனாலும் கரைச்சல்தான், சின்னப் பல்லில் தொங்கிக் கழன்றுவிடும். காசும் திருப்பித் தரவில்லை, கொக்கிக்கும் நாங்கள்தான் கட்டினோம்.

இனிக் கொடுப்பவர்கள் பெட்டியை உங்கள் முன்னால் உடைக்கச் சொல்லுங்கள். கியர்ச் செயின் பெரும்பாலும் 114 அல்லது 116 கண்ணியோடு வரும், வெட்டின துண்டைக் கையில் வாங்குங்கள். கியர் மாற்றிக்குள் விடாமல், முன் பெரிய பல்லிலும் பின் பெரிய பல்லிலும் செயினைச் சுற்றிப் பிடித்து, முனைகள் சேரும் இடத்திலிருந்து இரண்டு கண்ணி கூட விட்டு வெட்டச் சொல்லுங்கள். பழைய செயினோடு பிடித்து அளப்பது சரிவராது, அது நீண்டிருக்கும்; எண்ணித்தான் ஒப்பிட வேண்டும்.

அண்மையில் மாற்றியவர்கள் இன்றைக்கே பின்சில்லைத் தூக்கி, கையால் பெடலை மெல்லச் சுற்றி, ஒவ்வொரு பல்லாக ஏற்றிப் பாருங்கள். கியர் மாற்றி முன்பக்கம் நேராக இழுபட்டு விறைக்கத் தொடங்கினால் அங்கேயே நிறுத்துங்கள், பலவந்தமாகச் சுற்ற வேண்டாம். செயின் மாறும்வரை பிள்ளையிடம் சைக்கிளைக் கொடுக்காதீர்கள்.